போருக்கு அந்தப் பக்கம்

தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நின்றுகொண்டு ஒருவர் "போருக்கு அப்புறம் எல்லாம் மாறிப்போச்சுங்க" என்று சொன்னால், அவசரப்பட்டு வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அவர் ஆழ்துளைக் கிணற்றைச் சொல்கிறார். மழை குறைந்த இந்த மாவட்டத்தில் ஆயிரம் அடி வரைகூடத் துளை போடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி. அதை நாலரை தடவை தலைகீழாக அடுக்கினால் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு. தண்ணீர் கிடைத்ததா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை இரண்டாகக் கிழித்துவிடும். அதனால் "போருக்கு முன்னாடி", "போருக்கு அப்புறம்" என்று அவர் காலத்தைப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

அதே காட்டின் ஓரத்தில் இன்னொரு போர் நிற்கும். அது வைக்கோல் போர். மூன்றாவது போர்தான் படைகள் மோதிக்கொள்வது. ஒரே ஓசையில் மூன்று பொருள். ஆங்கிலத்திலிருந்து வந்த துளைப் போரை விட்டுவிடுவோம். மற்ற இரண்டும் பழந்தமிழ். அவை இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பிறகு பார்க்கலாம். முதலில் நான் எடுத்துக்கொள்ள விரும்புவது போருக்கு அடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னச் சொல்லை. அப்புறம்.

அதைப் பிரித்துப் பாருங்கள்: அ + புறம். அந்தப் பக்கம். அவ்வளவுதான். சேலத்திலிருந்து தருமபுரிக்கு வருபவர் தொப்பூர் கணவாயைக் கடக்கிறார். "கணவாய்க்கு அப்புறம் ஒரு டீக்கடை" என்றால் அது இடம். "கணவாய்க்கு அப்புறம் தூங்கிட்டேன்" என்றால் அது நேரம். சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்தைக் காட்டப் பிறந்த சொல், மெதுவாக நடந்துபோய்க் காலத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. போரையும் ஒரு மலைபோலத்தான் மொழி பார்க்கிறது. இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை.

ஏட்டுத் தமிழில் இதையே "போருக்குப் பின்" என்கிறோம். "பின்" என்பதும் இடம்தான்; முதுகுப் பக்கம். ஆனால் இங்கே ஒரு புதிர் இருக்கிறது. வாழ்ந்து முடிந்தவர்கள் "முன்னோர்". இனி நடக்கப்போவதைப் "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அப்படியானால் எதிர்காலம் நம் முதுகுக்குப் பின்னாலா இருக்கிறது? ஆனால் அதன் பெயரே எதிர்காலம். நம் எதிரே வருவது!

தருமபுரி பேருந்து நிலையத்தில் போய் நின்றால் புதிர் அவிழும். எதிரே பேருந்துகள் வரிசையாக உள்ளே நுழைகின்றன. எல்லாமே நம் எதிரே வருபவைதான். ஆனால் அந்த வரிசைக்குள் பென்னாகரம் பேருந்து முன்னால் வருகிறது, அரூர் பேருந்து அதற்குப் பின்னால். முதலில் வந்து சேர்வது முன், அடுத்து வருவது பின். நிகழ்ச்சிகளைத் தமிழ் இப்படித்தான் வரிசையில் நிறுத்துகிறது. "போருக்குப் பின்" என்றால் போரின் முதுகைத் தொட்டுக்கொண்டு வரிசையில் அடுத்து வருவது. இவ்வளவு கணக்கையும் ஐந்து வயதுக் குழந்தை யோசிக்காமல் போட்டுவிடுகிறது.

இப்போது இதைவிட வியப்பான ஒன்று. "போருக்குப் பின்" என்ற தொடருக்குள் தேதியே இல்லை. அது "நேற்று", "இங்கே" போன்ற சொல். சொல்பவர் யார், எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் பொருள் கிடைக்காது. மொழியியலில் இவற்றைச் சுட்டுச்சொற்கள் என்பார்கள். விரல் நீட்டிக் காட்டும் சொற்கள். இலத்தீனில் போருக்குப் "பெல்லம்" என்று பெயர். அதிலிருந்து "போஸ்ட்பெல்லம்" என்ற சொல்லை எடுத்துக்கொண்ட அமெரிக்கர்களுக்கு அது ஏறக்குறைய ஒரே ஒரு போரைத்தான் குறிக்கிறது: 1861 முதல் 1865 வரை நடந்த அவர்களுடைய உள்நாட்டுப் போர். அதையே சாதாரண ஆங்கிலத்தில் "போஸ்ட்வார்" என்று சொன்னால் 1945 வந்துவிடும். பொருள் ஒன்று, இடையில் 80 ஆண்டு. ஒரு முழு ஆயுள். வியட்நாமியர் ஒருவருக்கு அந்த விரல் 1975-ஐக் காட்டும்.

ஜப்பானில் இதற்கு "செங்கோ" என்று ஒரு சொல் உண்டு. 1956-இல் அந்நாட்டு அரசின் பொருளாதார ஆண்டறிக்கை, இனி இது செங்கோ காலம் இல்லை என்று எழுதிற்று. போர் முடிந்தது என்று அரசுகள் அறிவிப்பதை உலகம் பலமுறை பார்த்திருக்கிறது. போருக்குப் பிந்தைய காலமும் முடிந்தது என்று அறிவிக்கப்படுவது அபூர்வம். ஆனால் சொல் கேட்கவில்லை. 2025-இல் அதே ஜப்பானில் "செங்கோ 80 ஆண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். கியோட்டோ நகரத்தின் பழங்குடும்பங்களைப் பற்றி ஒரு பேச்சும் அங்கே உண்டு: அவர்கள் "போன போர்" என்றால் உலகப்போரைச் சொல்லவில்லையாம், 1467-இல் தொடங்கி ஊரையே எரித்த ஓனின் போரைச் சொல்கிறார்களாம். கதையாகவே இருக்கட்டும். ஆனால் சொல்லின் இயல்பை இதைவிட அழகாக யாரும் விளக்கிவிட முடியாது. எந்தப் போர் உங்கள் வீட்டுக் கூரையைத் தொட்டதோ, அதிலிருந்துதான் உங்கள் "பின்" தொடங்குகிறது.

இன்னொரு விசித்திரம், பின்காலத்துக்கு வைத்த பெயர் பின்னொரு நாள் மாறிவிடக்கூடும் என்பது. முதல் உலகப்போருக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் சிலவற்றில் இன்றும் பளிங்குப் பலகைகள் இருக்கின்றன, தமிழ்நாட்டிலும் உண்டு. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று அவற்றில் எழுதியிருக்கும். அந்தப் பலகையில் "முதல்" என்ற சொல் இருக்காது. "பெரும் போர், 1914–1919" என்றுதான் இருக்கும். துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. பலகை எழுதியவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். போர் முடிந்த நாள் எது என்பதிலேயே ஏழரை மாதம் இடிக்கிறது.

அந்தப் போருக்குப் பின் வந்த இருபது சொச்சம் ஆண்டுகளை அந்தக் காலத்தவர் "போருக்குப் பிந்தைய காலம்" என்றே நம்பி வாழ்ந்தார்கள். 1939-இல் அடுத்தது வெடித்ததும், கழிந்துபோன அந்த ஆண்டுகளுக்குப் பெயர் மாறிவிட்டது: "இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம்". பழைய போருக்கு "முதல்" என்ற அடைமொழியும் அப்போதுதான் நிலைத்தது. வாழ்ந்து முடித்த காலத்துக்குப் பெயர் மாறுவதென்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். திருமணப் பத்திரிகையை இருபது ஆண்டு கழித்து யாரோ திருத்தி எழுதியதுபோல.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை மட்டும் இல்லை. தருமபுரிக்கே நடந்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்குப் பாரமகால் என்று பெயர். ஹைதர் அலி, திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கம்பெனி ஆகியோரின் படைகள் மாறி மாறி இதை மிதித்துக்கொண்டு போயின. மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. திப்பு தன் நாட்டில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி நிர்வாகத்துக்கு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில், 1820-இல், சென்னையின் ஆளுநரானவர். ஆனால் அப்போது அவர் முப்பதை எட்டியிருந்த இளைஞர். தருமபுரியில் தங்கி, வயல் வயலாக அளப்பதும் வரி கணக்கிடுவதுமாக இருந்தார்.

போர் முடிந்ததும் நிலத்தை அளப்பது ஏன்? பிடித்த நாட்டில் என்ன விளையும் என்று தெரிந்தால்தான் வரி வாங்க முடியும். அந்தக் கணக்கிலிருந்துதான் ரயத்துவாரி முறை உருவாகத் தொடங்கிற்று. ஜமீன்தார் போன்ற இடையாள் இல்லாமல், உழவரே அரசுக்கு நேராக வரி கட்டும் ஏற்பாடு. பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது. இன்றும் பாலக்கோட்டிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. பட்டா மாறுதலுக்கு மனுவோடு வரிசையில் நிற்பவரின் கையில் இருக்கும் காகிதத்துக்கு, 1792-இன் "போருக்குப் பின்" ஒரு கொள்ளுப்பாட்டன்.

இப்போது அந்த ஆண்டுகளின் பெயரைப் பாருங்கள். 1792 மார்ச்சிலிருந்து 1799 தொடக்கம் வரை ஏறத்தாழ ஏழு ஆண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஏழாம் வகுப்பை முடிக்கும் காலம். 1795-இல் தருமபுரியில் ராகி விதைத்த உழவருக்கு அது போருக்குப் பிந்தைய காலம், சந்தேகமே இல்லை. ஆனால் நாலாம் மைசூர்ப் போர் வந்துவிட்டது. ரீடும் மன்றோவும் பாரமகாலிலிருந்து படையோடு மைசூரை நோக்கிப் போனார்கள். 1799 மே 4-ஆம் தேதி திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அந்த ஏழு ஆண்டும் வரலாற்றுப் பாடத்தில் "மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே" என்று ஒடுங்கிவிட்டது. அந்த ராகி வயலில் நின்ற யாருக்கும் தாம் நடுவில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்க வழியில்லை. "பின்" என்று சொல்லும்போது நாம் ஒரு நம்பிக்கையையும் சேர்த்தே சொல்கிறோம், இனி இல்லை என்று.

பாரமகாலுக்கும் வெகுகாலம் முன்னே இந்த ஊர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் வரும் "சதியபுதோ" இந்த அதியமான் மரபினரே என்பதை 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உறுதிப்படுத்தியது. "சதியபுதோ" என்பதும் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அந்தத் தகடூரைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். அதற்குப் பிறகு அவன் பெயரே "தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை" என்றாகிவிட்டது. இன்று எறிதல் என்றால் வீசுதல். அன்று தாக்கி அழித்தல். "எறிந்த" என்ற அந்த எச்சத்தைக் கவனியுங்கள். "அழித்தலுக்குப் பின்" என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. தமிழ் வினை தன் வாலிலேயே காலத்தைக் கட்டிக்கொண்டு பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒருவனைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் ஒரு போர் நடந்து முடிகிறது.

பழந்தமிழர் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவைப் பெயராக வைத்தார்கள். ஆநிரை கவர்வது வெட்சி. படையெடுத்துப் போவது வஞ்சி. கோட்டையை வளைப்பது உழிஞை. நேருக்கு நேர் மோதுவது தும்பை. தருமபுரிக் காட்டு வரப்புகளில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதே, அதே செடி. முடிந்தபின் வெற்றி: வாகை. ஆக "போருக்குப் பின்" என்பதற்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பூவே இருந்திருக்கிறது. விளையாட்டுச் செய்தியில் "வாகை சூடினார்" என்று படிக்கும்போது நாம் அந்தக் கடிகாரத்தில்தான் மணி பார்க்கிறோம்.

வாகைக்குள் தொல்காப்பியர் ஒளித்துவைத்திருப்பது இன்னும் பெரியது. புறத்திணை ஒவ்வொன்றுக்கும் அவர் அகத்திணை ஒன்றை இணை சேர்க்கிறார். வெற்றிக்கு எதை இணையாக்கியிருப்பார்? மணவாழ்வின் நிறைவையா? அவர் சேர்த்தது பாலையை. பிரிவின் வறண்ட நிலத்தை. வெற்றியும் பிரிவும் ஒரே துணியின் இரண்டு பக்கம். ஏன் இப்படி என்று உரைகாரர்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஓர் இலக்கண ஆசிரியர் வென்றவன் வீட்டு வாசலையும் எட்டிப் பார்த்ததற்குச் சான்றாகவே படுகிறது.

ஆனால் வாகை வென்றவரின் பின்காலம். தோற்ற ஊருக்கு வேறு பெயர் வேண்டும். அதுவும் தமிழில் இருக்கிறது: கையறுநிலை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கை ஓய்ந்துபோகும் நிலை. இறந்தவரை நினைத்துப் பாடும் பாட்டுக்குப் பெயர். அதியமானின் நண்பரான ஔவையார் அவன் மறைந்தபின் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. ஒரே நாள், ஒரே களம், இரண்டு "பின்". இந்தக் காலத்து மொழிகள் பலவற்றில் "போருக்குப் பிந்தைய" என்ற ஒரே சொல் இரு தரப்புக்கும் பொதுவாகக் கிடக்கிறது. பழந்தமிழ் அவற்றைக் கலக்கவிடவில்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கல்லில் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. மாவட்டத் தலைநகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் அவற்றைத் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், பக்கத்தில் சிலவேளை மாடுகள், மேலே வட்டெழுத்தில் சில வரிகள். பல்லவர் காலத்து நடுகல்லின் வாசகம் ஓர் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யார் தொறுவைக் கொண்டார்கள், யார் பட்டான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் உயிர்விட்டான். இடையில் ஒரு சின்னச் சொல் வரும், "ஞான்று". தொறுக் கொண்ட ஞான்று. அதாவது மந்தையைக் கவர்ந்த அன்று. அந்தச் சண்டைக்குப் பெயர் கிடையாது. மாடு போன நாள், அவ்வளவே. அதைச் சொன்னால் ஊருக்குப் புரியும்.

நடுகல் எழுப்புவதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. எல்லாம் போருக்குப் பிந்தைய வேலைகள். ஆகவே அவை வாகையில்தானே வர வேண்டும்? வரவில்லை. முதல் பூவான வெட்சியிலேயே வருகின்றன. வரிசையின் கடைசியில் இருக்க வேண்டியது முதலிலேயே வந்து நிற்கிறது. மாடு பிடிக்கப் போவதைச் சொல்லும் பக்கத்திலேயே கல் நடுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது.

இனி, காத்திருக்கச் சொன்ன வைக்கோல் போருக்கு வருவோம். களம் என்ற சொல்லுக்கும் இரண்டு முகம்: நெற்களம், போர்க்களம். வாகைத் திணையிலேயே ஏர் பிடிப்பவரின் களமும் தேர் ஓட்டுபவரின் களமும் அடுத்தடுத்து வருகின்றன. கதிரை அறுத்துக் குவிப்பதைப்போல் வீழ்ந்தவர்களைக் குவித்து, மாடுகளை மிதிக்க விடுவதைப்போல் யானைகளை மிதிக்க விட்டதாகப் புலவர்கள் பாடினார்கள். படிக்கவே நடுங்கும் உவமை. ஆனால் உழவும் போரும் ஒரே மனிதரின் ஆண்டில் அடுத்தடுத்து வந்த காலத்தில் அவர்களுக்குத் தெரிந்த பெரிய குவியல் அதுதான்.

கடல் கடந்தும் இதே எண்ணம் தோன்றியிருக்கிறது. போருக்குப் பிந்தைய சீரழிவை ஆங்கிலத்தில் "ஆஃப்டர்மேத்" என்பார்கள். அதில் வரும் "மேத்" புல் அறுப்பதைக் குறிக்கும் பழஞ்சொல். புல்லை அறுத்தபின் அதே அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வருவதுதான் முதலில் ஆஃப்டர்மேத். போர் என்ற பொருள் பிறகே ஒட்டியது. நம் கரும்புக் காட்டில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: மறுதாம்பு. பாலக்கோடு, கோபாலபுரம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பியபின், வெட்டிய கட்டையே மீண்டும் தழைப்பது. செய்தித்தாள் தமிழில் ஆஃப்டர்மேத்துக்கு நாம் போடும் சொல்லோ "பின்விளைவு". விளைவு! அதுவும் வயலில் விளைந்த சொல்தானே? யாரும் திட்டமிட்டு மொழிபெயர்க்கவில்லை. இரண்டு மொழிகளும் தத்தம் வயலில் இறங்கி நடந்து ஒரே வரப்பில் வந்து சந்தித்திருக்கின்றன.

ஈழத்தமிழருக்குப் "போருக்குப் பின்" என்றால் 2009 மே. அதைத் தேதியாகச் சொல்வதைவிட "முள்ளிவாய்க்காலுக்குப் பின்" என்று ஊர்ப்பெயராகச் சொல்வதே அதிகம். இடம் மறுபடியும் காலமாகிவிட்டது, கணவாயைப்போல. தருமபுரி மாவட்டத்திலும் அவர்கள் வாழ்கிறார்கள். நாகாவதி, தும்பலஅள்ளி, வாணியாறு அணைகளை ஒட்டிய முகாம்களில். 1983-க்குப் பின் பல அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் போர் நடுவில் இருக்கும்போதே புறப்பட்டவர்கள். அவர்களுடைய "பின்" போர் முடியும் முன்பே தொடங்கிவிட்டது. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் தமிழ்நாடு அரசு "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. மறுதாம்பில் இருக்கும் அதே "மறு".

அங்கே வளரும் பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியின் பேச்சையும் பள்ளியில் இந்த ஊர்ப் பேச்சையும் பேசுகிறார்கள். ஈழத்துப் பேச்சில் "அப்புறம்" அதிகம் புழங்காது, "பிறகு" என்பார்கள். மலையாளத்தில் அதன் உறவுச்சொல்லைப் பிறகில் என்றும் புறகில் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பொருள் ஒன்றுதான், முதுகுப் பக்கம். அணைக்கரையில் ஒரு பாட்டி "சண்டைக்குப் பிறகு" என்று கதையைத் தொடங்கினால், பேத்தி கேட்கிறாள்: "அப்புறம்?"